கருவாச்சி இருக்கும் கொல்லையில் புதுக்கோழி விடுவது

புதுக்கோழி வாங்கிவந்த வீட்டில் முதல் வாரம் எழும் புலம்பல் எங்கள் வல்லம் பக்கம் எல்லா ஊரிலும் ஒன்றுதான். "அந்தப் பழைய கோழி இதுங்கள துன்னவே வுட மாட்டேங்குது, இன்னா பண்றது?" செஞ்சி பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த அக்கா கேட்டிருக்கிறார். நூறு நாள் வேலைக்குப் போன இடத்தில் கேட்டிருக்கிறார்கள். அதற்குக் கிடைக்கும் பதிலும் இரண்டே இரண்டுதான். "வுட்டுடு, ரெண்டு நாள்ல தானா சரியாயிடும்" என்பது ஒன்று. "அத அறுத்து கொழம்பு வெச்சிடு" என்பது இன்னொன்று. இரண்டிலும் எனக்கு உடன்பாடு இல்லை. முதல் பதிலைக் கேட்டுப் புதுக்கோழியைப் பறிகொடுத்தவர்களை எனக்குத் தெரியும். இரண்டாவது பதிலைக் கேட்டு, ஊரிலேயே நல்ல அடைக்கோழியைச் சட்டியில் போட்டவர்களையும் தெரியும்.

எங்கள் வீட்டில் அந்தப் பழைய கோழியின் பெயர் கருவாச்சி. உடம்பெல்லாம் கறுப்பு, கழுத்தில் மட்டும் பொன்னிறக் கீற்று, மஞ்சள் கால். எதிரில் தெரியும் பாறைக் குன்றுப் பக்கமிருந்து பருந்து கிளம்பினால் முதலில் குரல் கொடுப்பது அவள்தான். கீரியை எதிர்த்து நின்று குஞ்சுகளைக் காப்பாற்றியவள். பக்கத்து வீட்டு நாய் அவள் இருக்கும் பக்கம் வராது. இப்படிப்பட்டவள் புதுக்கோழி ஒன்று கொல்லையில் கால் வைத்தால் என்ன செய்வாள் என்று சொல்ல வேண்டியதில்லை. கழுத்து மயிரைச் சிலிர்த்துக்கொண்டு ஓடிவந்து, கொண்டையைப் பிடித்து இழுத்து, ஓடினாலும் விடாமல் வேலி வரை துரத்துவாள். பருந்தைப் பார்த்துக் கத்தும் அதே சுபாவம்தான் இதையும் செய்கிறது. அதில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு இன்னொன்றை எடுத்துவிட முடியாது.

(அந்த மஞ்சள் காலைப் பற்றி ஒரு வார்த்தை. வீட்டுக்கோழியின் முதல் மூதாதை செங்காட்டுக்கோழி. ஆனால் மஞ்சள் தோலுக்கான மரபணு அதிலிருந்து வரவில்லை, நம் தென்னிந்தியக் காடுகளின் சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என்று 2008இல் வெளியான மரபணு ஆய்வு காட்டியது. உலகம் முழுக்க மஞ்சள் காலோடு திரியும் கோழிகளில் நம் பக்கத்துக் காட்டுக்கோழியின் பங்கு கொஞ்சம் இருக்கிறது. எனக்கு இதில் பெரிய சந்தோஷம்.)

கோழிக்கூட்டத்தில் யார் யாரைக் கொத்தலாம் என்று ஒரு வரிசை இருக்கிறது. கோழி வளர்த்த எல்லோரும் அதைப் பார்த்திருப்பார்கள். அதை உட்கார்ந்து பார்த்து, நோட்டுப் போட்டுக் குறித்து, உலகத்துக்குச் சொன்னவர் நார்வேக்காரர் தோர்லைஃப் ஷெல்டரப் எப்பே. 1894இல் பிறந்தவர். சிறுவயதிலேயே வீட்டுக் கோழிகளுக்கு நடுவில் உட்கார்ந்து, எது எதைக் கொத்துகிறது, எது எதற்கு வழிவிடுகிறது என்று எழுதி வைத்தார். 1920களின் தொடக்கத்தில் அதையே ஆய்வாக வெளியிட்டார். அவர் கண்டது இதுதான். இரண்டு கோழிகள் முதன்முதலாகச் சந்திக்கும்போது அவற்றுக்குள் யார் பெரியவர் என்று முடிவாகிவிடுகிறது. சில நேரம் சண்டையில், சில நேரம் ஒன்று பார்த்த உடனே தலையைத் தாழ்த்திக்கொள்வதில். முடிவான பிறகு சண்டைக்கு வேலையே இல்லை. ஒரு பார்வை போதும், சின்னது ஒதுங்கிவிடும். வரிசை எப்போதும் நேர்க்கோடாகவும் இருக்காது. ஒன்று இரண்டாவதைக் கொத்தும், இரண்டாவது மூன்றாவதைக் கொத்தும், மூன்றாவது திரும்பி வந்து முதலாவதையே கொத்தும். இதையும் அவர் எழுதியிருக்கிறார். எங்கள் கொல்லையிலும் இது உண்டு. கருவாச்சியைக் கண்டால் செவலை ஒதுங்கும், செவலையைக் கண்டால் கழுத்தில் மயிர் இல்லாத கிராப்புக்கோழி ஒதுங்கும். அந்தக் கிராப்பு மட்டும் கருவாச்சிக்கு இன்றுவரை வழிவிட்டதில்லை. காரணம் எனக்குத் தெரியாது, அவர்களுக்குள் தெரியும்.

ஆக, கொத்துவதே கெட்ட குணம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. தினமும் சண்டை போடாமல் இருப்பதற்காக ஒருமுறை போட்டு முடிக்கிற ஏற்பாடு அது. 1944இல் அமெரிக்காவில் கூல், ஆலீ என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். சில கூட்டங்களை அப்படியே விட்டார்கள். சில கூட்டங்களில் அடிக்கடி ஒரு கோழியை எடுத்துவிட்டு வேறொன்றை விட்டார்கள். ஆள் மாறிக்கொண்டே இருந்த கூட்டங்களில் கொத்து அதிகம், தின்றது குறைவு, முட்டையும் குறைவு. இதை எங்கள் ஊரில் யாரிடம் சொன்னாலும் "ஆமாம்" என்பார்கள். ஆனால் செய்வது வேறு. இந்த வாரம் ஒரு கோழி, பத்து நாள் கழித்து இன்னொன்று, சித்தி ஊரிலிருந்து ஒன்று என்று உதிரி உதிரியாகச் சேர்ப்போம். ஒவ்வொரு முறையும் வரிசை கலைகிறது, ஒவ்வொரு முறையும் எல்லாக் கோழியும் பரீட்சை எழுதுகிறது.

வாங்கினால் ஒரே நேரத்தில் வாங்குங்கள். ஒரே இடத்தில் ஒன்றாக வளர்ந்த கோழிகளாகப் பாருங்கள். ஒற்றைக் கோழியை ஒருபோதும் தனியாகக் கொண்டுவந்து விடாதீர்கள். நான்கு வெடைக்கோழி சேர்ந்து வந்தால் அடி நான்காகப் பிரியும். ஒன்று துரத்தப்படும் நேரத்தில் மற்ற மூன்றும் தின்னும். அவற்றுக்குள் ஏற்கெனவே ஒரு வரிசை இருக்கும், ராத்திரி ஒன்றை ஒன்று ஒட்டி உட்காரும். ஒற்றையாக வந்த கோழிக்கு இது எதுவும் இல்லை. அது மூலையில் நின்றே மெலியும்.

காட்டில் புதுக்கோழி என்கிற விஷயமே அபூர்வம் என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். காட்டுக்கோழிகள் சின்னச் சின்னக் கூட்டமாகத் தங்களுக்கென்று ஒரு வட்டாரத்தில் வாழ்கின்றன. புதிதாகச் சேரும் கோழி என்பது பெரும்பாலும் அந்தக் கூட்டத்திலேயே பொரித்து, அம்மா இறக்கையில் வளர்ந்து, கீழ்ப்படியில் தொடங்கி மெல்ல மேலே வருவது. முழுசாக வளர்ந்த நான்கு அந்நியர்கள் ஒரு காலையில் பொத்தென்று நடுவாசலில் வந்து இறங்குவது மனிதன் செய்கிற வேலை. அதைக் கருவாச்சி படையெடுப்பாகப் பார்ப்பதில் அவள் குற்றம் எதுவும் இல்லை. இந்த ஒன்று புரிந்தபின் நான் கேட்கிற கேள்வி மாறிவிட்டது. அவளை எப்படி அடக்குவது என்று யோசிப்பதை விட்டேன். புதியவை அவள் கண்ணுக்குப் பழையவையாக ஆகும்வரை என்ன செய்யலாம் என்று யோசிக்கத் தொடங்கினேன்.

அதற்கு முன்னால் நோய். இதை நடுவில் எங்கோ ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. கொத்துப்பட்டுச் சாகும் கோழி ஒன்றோ இரண்டோ. வெள்ளைக்கழிச்சல் வந்தால் கூண்டே காலி. குமாவுன் மலையில் இருக்கும் ராணிகேட் ஊரின் பெயரை இந்த நோய்க்கு 1927 வாக்கில் வைத்தார்கள். அன்றிலிருந்து இன்றுவரை நம் கிராமத்துக் கோழிகளைக் கொத்துக் கொத்தாகக் கொண்டுபோவது அதுதான். நோய்க்கிருமி உள்ளே புகுந்த கோழி பல நாள் வரை நன்றாகவே தெரியும், நன்றாகவே மேயும். எந்தச் சந்தையாக இருந்தாலும் பத்து ஊர்க் கோழிகள் ஒரே கூடையில் அடைபடுகின்றன. செஞ்சி வெள்ளிக்கிழமைச் சந்தை ஆட்டுக்குப் பேர் போனது, ஆட்டுக்குப் போங்கள். கோழியை நான் தெரிந்த வீட்டில்தான் வாங்குவேன். கடைசியாக வாங்கியது நாட்டார்மங்கலம் பக்கம், கூண்டையும் தாய்க்கோழியையும் கண்ணால் பார்த்து வாங்கியது.

எங்கு வாங்கினாலும் குறைந்தது மூன்று வாரம், முடிந்தால் நான்கு வாரம், தனி இடத்தில் வையுங்கள். தனி இடம் என்றால் கொல்லையின் மறுமூலை இல்லை. வீட்டின் அந்தப் பக்கம், வேறு தண்ணீர்ச் சட்டி, வேறு விளக்குமாறு. பழைய கோழிகளுக்குத் தீனி வைத்துவிட்டு அப்புறம்தான் புதியவற்றிடம் போக வேண்டும். அங்கிருந்து திரும்பினால் கைகால் கழுவ வேண்டும். அந்த நாட்களில் கழிச்சல், மூக்கில் சளி, கொண்டையில் அம்மைக் கொப்புளம், இறக்கையடியில் பேன், எல்லாம் வெளியே வந்துவிடும். எட்டு வாரம் தாண்டிய கோழிக்கு இறக்கைத் தோலுக்கடியில் போடும் கழிச்சல் தடுப்பூசி அரசுக் கால்நடை மருந்தகத்தில் கிடைக்கும். ஆண்டுதோறும் பிப்ரவரியில் இதற்கென்றே முகாமும் நடத்துகிறார்கள். பழையது புதியது எல்லாவற்றுக்கும் போட்டிருந்தால் மட்டுமே இரண்டையும் சேர்ப்பதைப் பற்றி யோசிக்கலாம்.

அந்த மூன்று நான்கு வாரம் முடிந்ததும் நேராக அவிழ்த்துவிடக் கூடாது. அடுத்த கட்டம், பார்க்கலாம் ஆனால் தொட முடியாது என்பது. கோழி வலை கட்டிய சின்ன அடைப்பு ஒன்றைக் கொல்லையின் நடுவிலேயே வைக்கிறேன். மூங்கிலும் பழைய வலையும் போதும், செலவு பெரிதில்லை. புதியவை உள்ளே, பழையவை வெளியே. வலைக்கு இரண்டு பக்கமும் ஒட்டினாற்போல் தீனி வைப்பேன். ஊறவைத்த கம்பு, தவிடு, கீரைக்கழிவு. முதல் நாள் கருவாச்சி தின்னவே மாட்டாள், வலையைச் சுற்றிச் சுற்றி வந்து முட்டுவாள். நாளாக ஆகப் பசி வெல்லும். வலைக்கு இந்தப் பக்கம் அவளும் அந்தப் பக்கம் அவையும் ஒரே நேரத்தில் குனிந்து பொறுக்கும்போதுதான் பாதி வேலை முடிந்தது என்று எடுத்துக்கொள்வேன். அது ஒரு வாரத்திலும் வரலாம், இரண்டு வாரமும் ஆகலாம். அவசரப்படுத்துவதில் பலனில்லை.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. கோழி கோழியை அடையாளம் காண்பது பெரும்பாலும் தலையையும் கொண்டையையும் பார்த்துத்தான். கொண்டையின் தோற்றத்தை மாற்றிவிட்டால் கூடவே வளர்ந்த கோழியைக்கூட மற்றவை அந்நியமாக நினைத்துக் கொத்துவதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். எங்கள் பக்கம் அடையாளத்துக்காகத் தலையில் மஞ்சளோ சாயமோ தடவும் வழக்கம் சில வீடுகளில் இருக்கிறது. வேண்டாம். இறக்கையில் தடவுங்கள். இரண்டு மூன்று வாரம் பிரிந்திருந்தாலும் முகம் மறக்கத் தொடங்கும். மருந்துக்காகத் தனியே வைத்த பழைய கோழியைத் திரும்ப விடும்போது அதற்கும் அடி விழுவது அதனால்தான்.

பிறகு சேர்க்கும் நாள். அதை ராத்திரி செய்ய வேண்டும் என்று பெரியவர்கள் சொல்வது சரி. இருட்டினால் கோழிக்குக் கண் சரியாகத் தெரியாது, சண்டை போடாது. அடங்கியபின் புதியவற்றைத் தூக்கிக் கூண்டுக்குள் பழையவற்றின் ஓரமாக உட்கார வைத்துவிடலாம். ஆனால் "காலைல எழுந்து பார்த்தா எப்பவும் இருந்த கோழின்னு நெனச்சிக்கும்" என்கிறார்களே, அதை நான் நம்பவில்லை. வெளிச்சம் வந்த முதல் நிமிஷத்திலேயே கருவாச்சி கண்டுபிடித்துவிடுவாள். சண்டை நடக்கும் இடம் பூட்டிய கூண்டாக இருந்தால் ஓட வழியில்லாமல் புதுக்கோழி ரத்தம் சிந்தும். அதனால் ராத்திரி விட்டவர் விடியும் முன்னே எழுந்து கூண்டைத் திறக்க வேண்டும். அதைச் செய்ய முடியாதவர் ராத்திரி சேர்க்கவே கூடாது.

வெளியே ஓட இடம் இருந்தால் மட்டும் போதாது, ஓடி மறைய இடமும் வேண்டும். துரத்துகிற கோழிக்குக் கண்ணில் படுகிற வரைதான் கோபம். மல்லாட்டைக் கொடியைக் காயவைத்துப் போர் போட்டிருப்போமே, அதன் அடி. விறகு அடுக்கு. சாய்த்து வைத்த தென்னங்கீற்று. எங்கள் மண்ணில் கல்லுக்குப் பஞ்சமில்லை, நாலு கல்லை அடுக்கி மேலே ஒரு பலகை. ஒவ்வொன்றுக்கும் இரண்டு பக்கம் வழி இருக்க வேண்டும். ஒரே வழி இருந்தால் அது பொறி. தீனி, தண்ணீர் இரண்டும் குறைந்தது மூன்று நான்கு இடத்தில், ஒன்றிலிருந்து பார்த்தால் இன்னொன்று தெரியாதபடி. ஒரே சட்டி வைத்தால் கருவாச்சி அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொள்வாள், நான்கு சட்டியை அவளால் காவல் காக்க முடியாது. தண்ணீரைக் குறிப்பாகச் சொல்கிறேன். சித்திரையில் இங்கே பாறை வாங்கிய சூடு பொழுது சாய்ந்தும் இறங்காது. தீனி இல்லாமல் ஒரு நாள் தாங்கும் கோழி அந்த வெயிலில் தண்ணீர் இல்லாமல் அரை நாள் தாங்காது. கத்திரி வெயிலில் புதுக்கோழி சேர்க்கிற வேலையையே வைத்துக்கொள்ளாதீர்கள். மல்லாட்டை பிடுங்கி முடித்த சமயம் நல்லது. நிலத்தில் உதிர்ந்து கிடப்பதைப் பொறுக்கக் கோழிகள் எல்லாம் தூரம் தூரமாகப் பரவிவிடும், ஒன்றுக்கொன்று முட்டிக்கொள்ளாது.

சேர்த்த பிறகு தினமும் ராத்திரி ஒரு வேலை பாக்கி இருக்கிறது. புதுக்கோழி ஒவ்வொன்றின் எரப்பையையும் தொட்டுப் பார்க்க வேண்டும். கழுத்துக்குக் கீழே மார்பின் வலது ஓரம் தடித்து நிறைந்திருந்தால் சாப்பிட்டிருக்கிறது என்று அர்த்தம். பகலில் எவ்வளவு கொத்து வாங்கினாலும் எரப்பை நிறைந்திருந்தால் நான் கவலைப்பட மாட்டேன். காலியாக இருந்தால், பகலில் ஒரு கொத்தும் பார்க்காவிட்டாலும், அந்தக் கோழியைத் தனியே எடுத்துவிடுவேன். கொத்துவது கண்ணுக்குத் தெரியும், பட்டினி தெரியாது. அத்தனை பேரும் பார்த்துப் பயப்படுவது முன்னதை, கோழியைக் கொல்வது பின்னது.

இன்னொன்றும் கவனித்தேன். வரிசையின் உச்சியில் இருக்கும் கோழி நாலு கொத்துக் கொத்திவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விடும். விடாமல் துரத்துவது பெரும்பாலும் கடைசியில் இருந்த கோழி. இத்தனை நாளும் எல்லோரிடமும் வாங்கியது, இப்போதுதான் தனக்குக் கீழே ஒன்று வந்திருக்கிறது. ஆளாளுக்குக் கருவாச்சியையே குறை சொல்லும்போது வேலி ஓரத்தில் அந்தக் கடைசிக்கோழி செய்வதை யாரும் பார்ப்பதில்லை. யார் கொத்துகிறது என்று ஒரு காலைப்பொழுது உட்கார்ந்து பாருங்கள், பிறகு முடிவெடுங்கள். சேவல் இருக்கிற கூட்டத்தில் பெட்டைகளுக்குள் சண்டை குறைவு என்பதையும் சேர்த்துப் பாருங்கள். எங்கள் சேவல் புதுக்கோழிகளைக் கண்டதும் பூச்சியைக் காட்டிக் கொக்கொக்கென்று கூப்பிடும், அவற்றின் பக்கத்தில் நின்றுகொள்ளும், பழைய பெட்டைகள் கொஞ்சம் தள்ளியே நிற்கும்.

சேவல் சண்டைக்கு இந்த மண்ணில் கல்லே நட்டிருக்கிறார்கள். நம் விழுப்புரம் மாவட்டத்து அரசலாபுரத்தில் சண்டையிட்ட ஒரு சேவலுக்கு எடுத்த நடுகல் இருக்கிறது. கல்லில் சேவல் உருவம், அதோடு எழுத்து, ஏறத்தாழ ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுப் பழசு. எந்த ஊர், எந்தச் சேரிக்காக ஆடிய கோழி என்று பொறித்து வைத்திருக்கிறார்கள். மனிதன் மூட்டிவிட்டுப் பார்த்த சண்டைக்குக் கல். பெட்டைக்கோழிகள் தங்கள் இடத்துக்காகத் தாங்களே போட்டு, தாங்களே முடித்துக்கொள்ளும் சண்டைக்கு யாரும் கல் நடவில்லை. கல்லில் பேர் வராவிட்டாலும் அது கவனமாகப் பார்க்கத் தகுந்த சண்டை. ரத்தம் இல்லாமல் முடிந்தால் தலையிடவே கூடாது. இரண்டும் நேருக்கு நேர் நின்று, கழுத்தை நீட்டி, எகிறி மோதி, ஒன்று தலையைத் தாழ்த்தித் திரும்பிவிட்டால் முடிந்தது. நாம் நடுவில் புகுந்து பிரித்தால் அடுத்த நாள் அதே சண்டை முதலிலிருந்து தொடங்கும். ரத்தம் வந்துவிட்டால் கதை வேறு. சிவப்பைப் பார்த்தால் மற்ற கோழிகளும் வந்து அதே இடத்தில் கொத்தும். உடனே தூக்கிவிட வேண்டும், மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைத்துப் போட்டு, பொருக்குக் காய்ந்து உதிரும்வரை வலைக்குள் வைக்க வேண்டும்.

மூக்கை நறுக்கிவிடச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். 1903இல் அமெரிக்காவில் ஒருவர் கோழிக்குக் கண்ணாடி மாட்டிக் கொத்தைத் தடுக்கலாம் என்று காப்புரிமையே வாங்கினார். நெருக்கி அடைத்து வளர்க்கும் பண்ணைக்காரர்களுக்கு அவரவர் நியாயம் இருக்கலாம். மேய்கிற நாட்டுக்கோழிக்கு மூக்குதான் கை. அதன் நுனியில் நரம்பு ஓடுகிறது, நறுக்கினால் வலிக்கும். பூச்சி பிடிக்க, கரையான் கிளற, இறகு கோத, பேன் எடுக்க எல்லாவற்றுக்கும் அதுதான். அதை நறுக்கிவிட்டுப் பருந்திடமிருந்து குஞ்சைக் காப்பாற்று என்று கருவாச்சியிடம் சொல்ல எனக்கு வாய் வராது.

இத்தனைக்கும் மேலே, நாட்டுக்கோழி வளர்ப்பவர்களுக்கென்றே ஒரு வழி இருக்கிறது. எனக்கு மிகவும் பயன்பட்டது இதுதான். அவளுடைய நாள்கணக்கைப் பார்ப்பது. நாட்டுக்கோழி வருஷம் முழுக்க ஒரே மாதிரி இருப்பதில்லை. பத்துப் பன்னிரண்டு முட்டை வைக்கும், பிறகு அடைக்கு உட்காரும், 21 நாள் எழுந்திருக்காது, குஞ்சு பொரித்து இரண்டு மூன்று மாதம் அதோடு திரியும், பிறகு மறுபடி முட்டை. அந்த 21 நாளில் கருவாச்சி ஒரு நாளைக்கு ஒரு முறை எழுந்து, கால் மணி நேரம் தின்று, குடித்து, மண்ணில் புரண்டுவிட்டுத் திரும்பப் போய் உட்கார்ந்துவிடுவாள். கொல்லையில் யார் வந்தார், யார் போனார் என்று பார்க்க அவளுக்கு நேரமே இல்லை. புதுக்கோழிகளை நான் சேர்ப்பது அப்போதுதான். மற்றவற்றோடு அவை பழகிவிடும். எந்த மூலையில் தண்ணீர், எந்தப் போருக்கு அடியில் நுழையலாம், எந்தக் கிளையில் ஏறலாம் என்று இடம் படிந்துவிடும். புது இடத்தில் நிற்கிற கோழி பாதி தோற்றுவிட்டுத்தான் சண்டையைத் தொடங்குகிறது. இடம் தெரிந்த கோழி அப்படி இல்லை.

குஞ்சோடு எழுந்து வரும்போது அவள் முன்னைவிட மூர்க்கமாக இருப்பாளே என்று கேட்கலாம். இருப்பாள். ஆனால் அந்தக் கோபம் குஞ்சுகளைச் சுற்றி நாலடி தூரத்துக்கு மட்டும்தான். அதற்குள் வராத கோழியை அவள் தேடிப்போய் அடிப்பதில்லை. புதியவை அந்த எல்லையை ஒரே நாளில் கற்றுக்கொண்டுவிடும். அவள் குஞ்சை விட்டுப் பிரிந்து, மறுபடி முட்டை வைக்கத் தொடங்கும்போது அவை புதுக்கோழிகளாக இருக்காது. கடைசியாக வந்த நான்கில் மூன்று இப்படி நடுவரிசையில் நின்றுவிட்டன. ஒன்று இன்னும் கீழேயே இருக்கிறது, எல்லோரும் தின்றபின் வரும். அதன் எரப்பை நிறைந்திருக்கிறது, முட்டையும் வைக்கிறது. வரிசை என்றால் கடைசியில் ஒன்று இருந்தே தீரும்.

இதைவிடவும் நல்ல வழி, புதுக்கோழியை வாங்காமலே இருப்பது. முட்டையை வாங்கி அவளுக்கு அடியிலேயே வைப்பது. சிறுவிடை வேண்டுமா, பெருவிடை வேண்டுமா, எந்த வீட்டுக் கோழி பிடித்திருக்கிறதோ அந்த வீட்டில் சேவலோடு திரியும் பெட்டையின் முட்டையை வாங்கி, தை மாசியில் அடைக்கு வையுங்கள். பொரித்த அன்று ராத்திரி, வெளியில் வாங்கிய ஒரு நாள் குஞ்சுகளையும் அவள் இறக்கைக்கடியில் நுழைத்துவிடலாம். அவளுடைய குஞ்சுகளின் நிறத்தோடு ஒத்துப்போனால் நல்லது. ஓரிரு நாளுக்குள் செய்துவிட வேண்டும், அதற்குமேல் அவள் தன் குஞ்சுகளைக் கணக்குப் பிடித்துவிடுவாள். அரசு மானியத் திட்டங்களில் கொடுக்கும் குஞ்சுகள் 4 வார வயதுடையவை. அந்த வயதுக் குஞ்சைத் தாய் ஏற்காது, அடித்தே கொன்றுவிடும். அவற்றைத் தனியே வளர்த்து, பழைய கோழிகளின் அளவுக்கு உடம்பு வந்த பிறகு மேலே சொன்னபடி வலை வழியாகத்தான் சேர்க்க வேண்டும். குஞ்சுகளைக் கையில் கொடுக்கும் நாளிலேயே இதையும் ஒரு பத்து நிமிஷம் சொல்லிக்கொடுத்தால் எத்தனையோ பெண்களின் கோழி பிழைக்கும்.

இறக்கைக்கடியில் நுழைத்த குஞ்சை ஏற்றுக்கொண்டுவிட்டால், கொல்லையிலேயே கொடுமைக்காரி என்று பேர் வாங்கியவள்தான் அந்தப் புதியவற்றுக்குக் காவல். மற்ற கோழி ஒன்று அவற்றைக் கொத்த வரட்டும் பார்க்கலாம்.

எல்லாம் செய்தும் அடங்காத கோழி உண்டா? உண்டு, அபூர்வமாக. வரிசைக்காகக் கொத்துவதோடு நிற்காமல், தோற்று மூலையில் படுத்துவிட்ட கோழியின் பின்தலையை விடாமல் கொத்திக் கிழிக்கும். முதலில் பேன் இருக்கிறதா, தீனியில் புரதம் போதுமா, கூண்டு நெருக்கமா என்று பாருங்கள். உட்காரும் கொம்பில் கோழிக்கு முக்கால் சாண் இடமாவது வேண்டும். கரையான் சட்டி வைத்து இரண்டு வாரம் தீனியைக் கூட்டிப் பாருங்கள். அப்படியும் மாறாவிட்டால் அதை இன்னொரு வீட்டுக்குக் கொடுங்கள். அங்கே அதுதான் புதுக்கோழி, கீழ்ப்படியிலிருந்துதான் தொடங்க வேண்டும், பாதிக் குணம் அதிலேயே குறையும். வாங்குகிறவரிடம் இதன் சுபாவத்தைச் சொல்லித்தான் கொடுக்க வேண்டும். பெரிய கோழிகள் நிறைய இருக்கும் வீடாகப் பார்த்துக் கொடுங்கள், இரண்டு வெடைக்கோழி மட்டும் வைத்திருக்கும் வீட்டில் கொண்டுபோய் விட்டுவிடாதீர்கள்.